நினைத்தது வேறு, அடித்தது வேறு
மேற்கத்திய இசைக் குறிப்புகளை வரைந்து தரும் இலவச மென்பொருள் லிலிபாண்ட். ஹான்-வென் நியன்ஹைஸ், யான் நியூவன்ஹைசன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் 1996-ல் ஆரம்பித்தது. மௌஸால் இழுத்து வைக்கிற சமாசாரமே இல்லை. ஸ்வரங்களை டைப் அடித்தால் பிடிஎஃப் வரும். தகட்டில் கையால் செதுக்கிய பழைய பதிப்புகளின் அழகுதான் லட்சியம். அதில் குறை சொல்ல முடியாது.

தகராறு டைப் அடிப்பதில். பியானோ படிக்கிற பிள்ளைகள் வாசிக்கும் பெட்ஸோல்டின் ஜி மேஜர் மினுவெட்டை அடித்துப் பார்த்தேன். ஜி மேஜரில் எஃப் என்றால் ஷார்ப்தான். முதலிலேயே ‘ஜி மேஜர்’ என்று சொல்லியாகிவிட்டதே என்று வெறும் எஃப் அடித்தேன். அதன் தலையில் ‘ஷார்ப் இல்லை’ என்ற நேச்சுரல் குறியைப் போட்டுவிட்டது. ‘ஃபிஸ்’ என்றே அடிக்கணுமாம். இரண்டாவது பாரில் ஒரு கமா விட்டுப்போச்சு. மிச்சப் பாட்டு முழுக்க ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிட்டது. அடைப்பை மூட மறந்தால் இன்னும் மோசம். தப்பு ஆரம்பத்தில் இருக்க, ஃபைலின் கடைசி வரியைக் காட்டுகிறது.

மருந்தும் உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பாரின் முடிவிலும் ஒரு நெடுங்கோடு போடுங்கள். கணக்கு உதைத்தால் எந்த வரி என்று சொல்லிவிடும். புதுசாக வருகிறவருக்கு இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லித்தர வேண்டும்.

நாம் நினைப்பதை ஊகிக்காமல், எழுதியதை மட்டும் நம்புகிற மென்பொருள். எரிச்சல்தான். ஆனால் நாம் எத்தனை விஷயங்களைச் சொல்லாமலே விடுகிறோம் என்பது அப்போதுதான் தெரிகிறது.