திரையினின்று அரங்கிற்கு: ‘முகல்-ஏ-ஆசம்’ இசை நாடகம்

நாடகம் திரைப்படமாதல் தமிழர்க்குப் பழகிய செய்தி. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ மேடையில் புகழ் பெற்றபின் 1936இலும் 1954இலும் திரைக்கு வந்தது. திரைப்படம் இசை நாடகமாதலோ அரிது. அவ்வரிய நிகழ்ச்சிக்குச் சான்றாவது ‘முகல்-ஏ-ஆசம்’. அது அரங்கிற்குத் தந்தது யாது, தரத் தவறியது யாது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

அனார்கலி கதையை இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் உருது நாடகமாக்கினார். கே. ஆசிப் இயக்கிய திரைப்படம் 1960இல் வெளிவந்தது. 1961இல் ‘அக்பர்’ என்னும் பெயரில் தமிழும் பேசியது. 2004இல் முழுதும் வண்ணமூட்டப் பெற்றது. 2016இல் பெரோஸ் அப்பாஸ் கான் இதனை இசை நாடகமாக்கி மும்பையில் அரங்கேற்றினார். அது 2017இல் தில்லியிலும், 2023இல் வட அமெரிக்க நகரங்களிலும் மீண்டும் நடிக்கப்பெற்றது. எனவே, மேடையிற் பிறந்த கதை, திரை வழியாக மேடைக்கே மீண்டது எனலாம்.

இம்மீட்சியின் தலையாய பயன் குரலைப் பற்றியது. படத்தில் அனார்கலியாக ஆடியவர் மதுபாலா. அவர்க்காகப் பாடியவர் லதா மங்கேஷ்கர். உடல் ஒருவரது, குரல் மற்றொருவரது. நாடகத்திலோ, அனார்கலியாக நடிப்பவரே அவையின்முன் பாடுகிறார். தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கத்தில், 1934இல் வந்த ‘பவளக்கொடி’யில் தியாகராஜ பாகவதர் தாமே பாடி நடித்த முறையை இது நினைவூட்டும். பின்னணிப் பாடல் பிரித்துவைத்த இரண்டனையும் மேடை மறுபடி ஒன்றாக்கியது. அரசன்முன் அஞ்சாது பாடும் பெண்ணின் துணிவு, பாடுவோரின் மூச்சே நம்முன் நிகழும்போது மிகுதியும் மெய்ம்மை பெறுகின்றது. இது சிறு பயன் அன்று.

ஆயினும் குறையும் உண்டு. கண்ணாடி மாளிகையில் ஒரு முகம் பலவாகத் தோன்றுதல் ஒளிப்படக் கருவியின் செல்வம். மேடை அதனைப் பெற இயலாது; கதக் ஆடுவோர் கூட்டத்தையும் ஒளியமைப்பையும் கொண்டே அதற்கு ஈடு செய்கின்றது. இது தக்க மாற்றமே. ஆனால் பாடல்களில் இத்தகைய துணிவு காணப்படவில்லை. நௌஷாத்தின் மெட்டும் ஷகீல் பதாயூனியின் சொல்லும் அவையோர் செவியில் முன்னரே பதிந்துள்ளன. அவர்கள் கேட்க வருவது பாட்டை மட்டும் அன்று, தம் நினைவையுமே. நடிகர் அந்நினைவினின்று சிறிது விலகினும் குற்றமாகும். விலகாவிடின் படியெடுத்தல் ஆகும்.

இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது நம் நாட்டுக் கூத்து. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினத்தை அறிஞர் மரக்காணத்தோடு பொருத்துவர். பரதவர் தேறலும் சுட்ட மீனும் தந்து பாணரைப் போற்றிய நெய்தற் கரை அது. இன்று உப்பளங்கள் பரந்து கிடக்கும் கரையும் அதுவே. அவ்வூரை உள்ளிட்ட விழுப்புரம் மாவட்டத்தில், திரௌபதியம்மன் விழாக்களில் விடியுமளவும் தெருக்கூத்து நடைபெறும். கூத்தர் தாமே பாடுவர். பின்பாட்டுக்காரர் அடியை வாங்கிப் பாடுவர். கதை அனைவரும் அறிந்ததே. எனினும் அவையின் நிலை நோக்கிப் பாட்டு நீளும். கட்டியங்காரன் அன்றைய ஊர்ச் செய்தியையும் இடையே நுழைப்பான். அதனால் ஆண்டுதோறும் ஆடினும் அது பழையதன் படி ஆவதில்லை.

ஆகவே, மறு அரங்கேற்றம் என்பது மறுபடி செய்தல் மட்டும் அன்று. அவ்விரவின் அவையோடு மீண்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளுதலாம். ‘முகல்-ஏ-ஆசம்’ குரலை உடலுக்கு மீட்டுத் தந்தது. அக்குரலுக்கு உரிமை தர அஞ்சியது. அதன் வெற்றியை மறுத்தல் நேர்மை ஆகாது; அதனையே முழுமை என்று கொள்ளுதலும் ஆராய்ச்சி ஆகாது. தமிழ்த் திரைப்படம் ஒன்றை இசை நாடகமாக்க முற்படுவோர், மும்பையினின்று அமைப்பைக் கற்கலாம். உரிமையை உப்பளக் கரையின் கூத்தரிடமே கற்றல் வேண்டும்.