கணவன் எழுதிய லாக் ஃபைல்

முதல் வாசிப்பில் நான் அந்தக் கணவன் பக்கம்தான் இருந்தேன். இதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

ஹான் காங்கின் ‘தி வெஜிடேரியன்’ (கொரிய மொழியில் 2007) ஒரு அலுவலக ஊழியனின் புலம்பலோடு தொடங்குகிறது. மனைவி யோங்-ஹே திடீரென்று இறைச்சியை விட்டுவிடுகிறாள். ஃபிரிட்ஜில் இருந்த அத்தனையையும் எடுத்து வீசுகிறாள். கேட்டால் கனவு கண்டதாகச் சொல்கிறாள். நமக்கோ இன்ஜினியர் புத்தி. பிழை எங்கே என்று தேடிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினேன். அது அவளிடம்தான் இருக்கும் என்பதில் சந்தேகமே வரவில்லை. லாக் ஃபைல் முழுக்க அவன் எழுதியதாச்சே!

இரண்டாம் வாசிப்பில்தான் பிரா கண்ணில் பட்டது. அது இறுக்குகிறது என்று அவள் போடுவதில்லை. மேலதிகாரி வீட்டு ஆட்களோடு விருந்துக்குப் போகும்போது அவனுக்கு மானம் போகிறது. அதாவது, கனவுக்கு முன்பிருந்தே அந்த உடல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தன் சங்கடமாக மட்டுமே பதிவு செய்திருக்கிறான். அவள் விரும்பாதபோது அவளை வலுக்கட்டாயமாக அணுகியதையும் ஒரு சாதாரண வீட்டுத் தகவல் மாதிரிதான் சொல்கிறான். நானும் அப்படியே வாசித்துக் கடந்திருக்கிறேன்.

மூன்று பகுதிகளில் ஒன்றுகூட யோங்-ஹேயின் பார்வையில் இல்லை. முதல் பகுதியின் நடுவே சிதறிக்கிடக்கும் கனவுத் துண்டுகள் மட்டும்தான் அவள் குரல். இரண்டாம் பகுதியில் அக்காவின் கணவன், வீடியோ கலைஞன், அவள் உடலெங்கும் பூக்கள் வரைகிறான். எனக்கு இங்கே நாவல்மீது புகார் உண்டு. அந்தப் பக்கங்கள் அளவுக்கு மீறி அழகாக இருக்கின்றன. வாயில் பன்றி இறைச்சியைத் திணித்த அப்பாவும் மேனியில் பூ வரைந்த இவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்பது வாசிக்கும்போது உறைப்பதே இல்லை. வாசகனை மயக்கத்தில் சிக்கவைப்பதுதான் உத்தி என்று வாதிடலாம். எனக்கு முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

ஆனால் மூன்றாம் பகுதி வேறு. அக்கா இன்-ஹே அழகுசாதனக் கடை நடத்துகிறாள், மகனை வளர்க்கிறாள், மனநல மருத்துவமனைக்கும் பேருந்தில் அலைகிறாள். தங்கை மரமாகிவிட விரும்பித் தலைகீழாக நிற்கிறாள். எதையும் உண்ண மறுக்கிறாள். இந்த நாவல் பற்றிப் பேசும் எல்லாரும் அந்த மரத்தையே பேசுகிறோம். இன்-ஹேக்கு வந்த ரத்தப்போக்கை யாரும் பேசுவதில்லை. அது நிற்காமல் போக, செத்துவிடுவோம் என்று அவள் தனியாகப் பயந்திருக்கிறாள். மருத்துவர் ஒரு சிறு கட்டியை அகற்றுகிறார். அவ்வளவுதான். அவள் கடைக்குத் திரும்பிவிடுகிறாள்.

சிறுவயதில் அப்பாவின் அடி தங்கைமேல்தான் விழுந்தது. மூத்தவள் சமைத்துப் போட்டுத் தப்பித்தாள். தன் பொறுப்புணர்வு என்று இத்தனை நாள் நினைத்தது வெறும் பிழைக்கும் வழிதான் என்று இன்-ஹே தாமதமாகக் கண்டுகொள்கிறாள். யோங்-ஹேயின் மறுப்பைவிட இந்த இடம்தான் எனக்குக் கலக்கமாக இருந்தது. அவள் உடல் யாரையும் சங்கடப்படுத்தவில்லை. அதனாலேயே எந்த ஆணும் அவளைப் பற்றி ஒரு அத்தியாயம் சொல்ல வரவில்லை.