சோழர் போர்க்கலங்களின் மாதிரிகள்: சான்றும் புனைவும்

போர்க்கப்பல்களைச் சிறிய அளவில் மாதிரியாகச் செய்வோர் நுணுக்கத்திற்குப் பெயர் பெற்றவர்கள். 1941 டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கப்பலை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 227 மீட்டர் நீளமுடைய அக்கப்பல், 350இல் ஒரு பங்காகக் குறைக்கப்படும்போது 65 செண்டிமீட்டராகிறது. அதற்குக் கட்டுமான வரைபடங்கள் உள்ளன, ஒளிப்படங்கள் உள்ளன, உயிர் தப்பியோரின் கூற்றுகள் உள்ளன. அவ்வாறிருந்தும், ஒளிப்படங்களிற் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையாதலின், அதன் பக்கங்களிற் பூசப்பட்டிருந்த உருமறைப்பு வண்ணங்கள் எவை என்னும் வாதம் மாதிரி செய்வோரிடையே இன்னும் ஓயவில்லை.

இதே கண்டிப்புடன், இராசேந்திர சோழனின் போர்க்கப்பல் என்னும் பெயரில் நம்மிடையே வழங்கும் மாதிரிகளையும் படங்களையும் நோக்கினால் என்ன எஞ்சும் என்பதே நம் வினா. உயர்ந்து அடுக்கடுக்காக எழும் பின்புற மாடம், அதன் நடுவே பொருத்திய சுக்கான், பருத்த பாய்மரங்கள், அணியத்தில் பாயும் புலி ஆகியவை இவற்றில் அடிக்கடி காணப்படும் கூறுகளாகும். இவற்றுள் புலிக்கு மட்டும் ஐயமற்ற சான்று உண்டு. சோழர் காசுகளிலும் முத்திரைகளிலும் அது காணப்படுகிறது. ஆயினும் அது கப்பலின் அணியத்தில் செதுக்கப்பட்டிருந்தது என்பதற்குச் சான்றில்லை. அடுக்கு மாடமோ 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கப்பலை நினைவூட்டுவது. நடுச்சுக்கானைச் சீனர் முன்னரே அறிந்திருந்தனர். எனினும் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி மரக்கலங்களில் அதனைக் காட்டும் பழைய ஓவியமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது, 1237ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அரபு ஏடொன்றில் உள்ளதாகும். கடாரப் படையெடுப்போ 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது.

அப்படையெடுப்பிற்கு முதன்மைச் சான்று இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியாகும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் அது விரிவாக உள்ளது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், கடாரம் முதலிய ஊர்களை அது வரிசைப்படுத்துகிறது; பகைவர் நகரத்தின் மணிகள் பதித்த வாயில்களை வருணிக்கிறது; ஓர் ஊருக்கு ஆழ்கடலே அகழியாக இருந்ததையும் சொல்ல மறக்கவில்லை. தம் மன்னனின் கலங்களைப் பற்றியோ, அவை பல என்பதற்கு மேல் ஒன்றும் கூறவில்லை. நீளம் இல்லை, பாய் இல்லை, துடுப்பு இல்லை. பகைவரின் கதவை இவ்வளவு கூர்ந்து கண்ட புலவர், தம்மவர் ஏறிச்சென்ற கலத்தை ஒரு சொல்லோடு விட்டுவிட்டார்!

இந்த வெற்றிடத்தை நிரப்பும் முயற்சியிலேதான் தவறு நேர்கிறது. தரணி, லோலா, வஜ்ரா, திரிசடை எனச் சோழர் கடற்படைக்கு வகைப்பெயர்கள் கூறி, ஒவ்வொன்றையும் இக்காலப் போர்க்கப்பல் வகையொன்றுக்கு ஈடாக்கும் பட்டியல் ஒன்று பரவலாக எடுத்தாளப்படுகிறது. சோழர் கல்வெட்டு எதுவும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுவதில்லை. இவற்றுள் லோலாவும் தரணியும் போசமன்னன் பெயரால் வழங்கும் 'யுக்திகல்பதரு' என்னும் வடமொழி நூலில் இடம்பெறுகின்றன. 1912இல் ராதாகுமுத் முகர்ஜி இந்தியக் கப்பற்கலை பற்றி எழுதிய நூலின் வழியாக அது பலர் அறியவந்தது. அந்நூல் இப்பெயர்களை நீள அகல உயர அளவுகளைக் கொண்டே பகுக்கிறது. சோழரைப் பற்றிய பேச்சே அங்கில்லை.

இதனினும் அடிப்படையான ஐயம் ஒன்றுண்டு. தனியே போருக்கென்றே கட்டப்பட்ட கலங்களில்தான் சோழர் படை வந்ததா? வணிகர் மரக்கலங்களே வீரர்களை ஏற்றி வந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்கள் இக்கடல்களில் இயங்கியதற்குச் சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே சான்று. அவ்வாறாயின் மாதிரி செய்வோர் தேடவேண்டியது போர்க்கலத்தையன்று, சரக்குக் கலத்தை.

சரக்குக் கலத்திற்கோ சான்றுகள் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. பெலித்துங் தீவருகே 1998இல் கண்டறியப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கலம் இரும்பாணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டது. அதனைப் பின்பற்றி ஓமானில் கட்டப்பட்ட 'மஸ்கட்டின் மாணிக்கம்' 2010இல் கடல் கடந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. சாவகத்தின் போரோபுதூர்ச் சிற்பங்களில் புறமிதவையுடைய கலங்கள் தெளிவாக உள்ளன. மும்பையை அடுத்த எக்சார் என்னுமிடத்து நடுகற்களில், பாய்மரமும் துடுப்பு வரிசையும் கொண்ட கலங்கள் பொருதும் காட்சி உள்ளது. அவை சோழர் காலத்தை ஒட்டியவை எனினும், மேலைக்கடற்கரையின் கலங்கள். வங்கக் கடலைக் கடந்தவற்றுக்கு அவற்றை அப்படியே பொருத்திவிட இயலாது. பெலித்துங் கலம் மேலை ஆசிய மரபினது, போரோபுதூர்க் கலங்கள் தென்கிழக்காசிய மரபின. மூன்றும் அயலாரின் சாட்சிகளே. ஆனால் ஐரோப்பியக் கப்பலைக் காட்டிலும் இவை நமக்கு மிக நெருங்கியவை.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 'கல்கி' இதழில் வெளிவந்தபோது மணியம் வரைந்த ஓவியங்களில் மனம் தோய்ந்த தலைமுறைகளுக்குத் தைத்த பலகைக் கலம் ஏமாற்றமாகவே தோன்றக்கூடும். கதைக்கு ஓவியர் கற்பனை செய்வது அவருக்குரிய உரிமை. அதே வடிவம் கண்ணாடிப் பேழைக்குள் 'சோழர் போர்க்கப்பல், கி.பி. 1025' என்னும் பெயர்ப்பலகையுடன் நிற்கும்போது அது வரலாற்றுக் கூற்றாகிவிடுகிறது. அதிலும் கடாரம் எனக் கருதப்படும் கெடா மாநிலத்தைக் கொண்ட இந்நாட்டில், அக்கூற்றைப் படிப்போருள் படையெடுக்கப்பட்ட நிலத்தின் மக்களும் உள்ளனர். அவர்களுள் ஒருவர் சான்று கேட்டால் நாம் எதைக் காட்டுவோம்?

உடைந்த மட்கலத்தை ஒட்டுவோர், காணாமற்போன பகுதியை வேறு நிறத்தால் நிரப்பி, எது பழையது எது புதியது என்பதைக் காண்போருக்கு உணர்த்துவதுண்டு. மாதிரிக் கப்பலிலும் அவ்வாறு செய்யலாம். தைத்த பலகைக்கும் பக்கச் சுக்கானுக்கும் ஒரு நிறம். ஊகித்த பாய்க்கும் மாடத்திற்கும் மற்றொரு நிறம். பெயர்ப்பலகையில் ஒவ்வொன்றுக்கும் சான்றின் பெயர். அணியத்துப் புலி இரண்டாம் நிறத்திலேயே நிற்கவேண்டியிருக்கும்.