கருத்துப் பரிமாற்ற முறை ஆங்கிலக் கற்பித்தலில் இலக்கணத்தின் இடம்

கருத்துப் பரிமாற்ற முறையில் ஆங்கிலம் கற்பித்தால் இலக்கணம் தேவையில்லை என்று ஆசிரியர்கள் பலர் எண்ணுகின்றனர். தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்த ஒரு சோதனையைப் பார்த்தால் இந்த எண்ணம் சரியன்று என்பது விளங்கும்.

1950களில் சென்னை மாநிலப் பள்ளிகளுக்கு அமைப்புமுறைப் பாடத்திட்டம் வந்தது. வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது அதன் வழி. ஆனால் வகுப்பில் பிழையின்றிச் சொன்ன வாக்கியத்தை, தேவைப்படும் இடத்தில் பயன்படுத்த மாணவர்கள் தடுமாறினர்.

இக்குறைக்கு மாற்றுத் தேடி என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர்த் திட்டத்தை நடத்தினார். பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு மாணவர்கள் சிந்தித்து விடை காணும் செயல்பாடுகள் தரப்பட்டன. இலக்கணப் பாடம் தனியாக இல்லை. ஆயினும் இலக்கணத் திறனே திட்டத்தின் நோக்கம். கவனம் பொருளில் இருக்கும்போதுதான் இலக்கணம் மனத்தில் படியும் என்பது பிரபுவின் கருத்து. அவர் இலக்கணத்தை விலக்கவில்லை. அதைக் கற்கும் வழியையே மாற்றினார்.

இத்திட்டத்தில் பிழைகள் அவ்வப்போது திருத்தப்பட்டன. இலக்கண வடிவத்தைத் திட்டமிட்டு விளக்கவில்லை. நம் பகுதிக்கு இது போதாது. மதுரை ரயில் நிலைய அட்டவணையைக் கொடுத்து ஒருவரையொருவர் கேட்கச் சொன்னால், "வென் தி டிரெயின் லீவ்ஸ்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். எதிரில் இருப்பவருக்குப் பொருள் புரியும், விடையும் கிடைத்துவிடும். பிழை அப்படியே நின்றுவிடும். "ரயில் எப்போது புறப்படும்?" என்ற தமிழ்க் கேள்விக்குத் துணைவினை தேவையில்லை. எனவே மாணவர் தாமாகவே 'டஸ்' சேர்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

செயல்பாடு முடிந்தபின் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். "தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்", "வென் டஸ் தி டிரெயின் லீவ்?" என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதி, என்ன மாறியது என்று கேட்கலாம். கேள்வியில் 'டஸ்' வந்தது, 'லீவ்ஸ்' என்பது 'லீவ்' ஆனது என்று மாணவர்களே சொல்வார்கள். பிறகு மாட்டுத்தாவணிப் பேருந்துகளைப் பற்றி அதே அமைப்பில் கேட்கச் செய்யலாம். விதியின் பெயர் கடைசியில் வந்தால் போதும்.

செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றி எழுதுவது மட்டும் இலக்கணப் பயிற்சி ஆகாது. அதை எங்கே, எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதும் தெரிய வேண்டும்.

வீட்டில் ஆங்கிலம் கேட்கும் நகரத்துக் குழந்தைக்கு இந்த விளக்கம் இல்லாவிட்டாலும் சரியான வடிவம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்து மாணவர்கள் பலருக்கு ஆங்கிலம் கிடைக்கும் இடம் வகுப்பறை மட்டுமே. பேச்சுக்கு இடம் கொடுப்பதாகச் சொல்லி இலக்கணத்தை விட்டுவிட்டால், அந்த இழப்பு அவர்களுக்குத்தான்.