கண்டனமும் பதிலும்

கண்டனம் எழுதுகிறவனுக்கு எழுத்தாளன் பதில் சொல்லலாமா, கூடாதா என்று ஓர் இளம் நண்பர் கேட்டார். அவருடைய முதல் நாவலை ஒரு பத்திரிகை கிழித்திருந்தது. கையில் ஆறு பக்கப் பதிலோடு வந்திருந்தார். நான் அவருக்குப் பைரனின் கதையைச் சொன்னேன்.

1807-ல், பத்தொன்பதாவது வயதில், பைரன் தன் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டான். மறு ஆண்டு 'எடின்பரோ ரெவ்யூ' அதைப் பரிகாசம் செய்து தள்ளியது. மதிப்புரையில் பெயர் இல்லை. அந்நாளில் அதுவே வழக்கம். ஆசிரியர் ஜெப்ரிதான் எழுதியிருக்க வேண்டும் என்று பைரன் முடிவுகட்டி, 1809-ல் நீண்டதொரு வசைக் கவிதை பாடிவிட்டான். ஜெப்ரியோடு நின்றானா? வோர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், ஸ்காட் என்று அகப்பட்டவர்களையெல்லாம் சாடினான். எழுதியவரோ ஜெப்ரி அல்ல, ப்ரூம் என்ற வக்கீல்! பின்னால் பைரனே வெட்கப்பட்டு, 1812-ல் ஐந்தாம் பதிப்பு வெளிவராமல் தடுத்துவிட்டான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வசை, அவனுடைய முதல் தொகுதியைவிட எத்தனையோ மேல். கோபம் அவனுக்குக் குரல் கொடுத்தது. மதிப்புரை அடியோடு தவறு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

"அப்படியானால் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்கிறீர்களா?" என்றார் நண்பர்.

அதுவும் எனக்குச் சம்மதமில்லை. 1895-ல் ஹார்டியின் 'ஜூட்' நாவல் வந்தபோது ஒழுக்கக்கேடு என்று கூச்சல் எழுந்தது. ஒரு பிஷப், புத்தகத்தை நெருப்பில் போட்டுவிட்டதாகப் பத்திரிகைக்கே எழுதினார். என்னைக் கொளுத்த முடியாத ஏக்கத்தில் செய்திருப்பார் என்று ஹார்டி பின்னால் எழுதினார். வேடிக்கைதான். ஆனால் 1928-ல் இறக்கும்வரை அவர் புது நாவல் ஒன்றுகூட எழுதவில்லை. நாவல் ஆசையே அந்த அனுபவத்தில் தீர்ந்துபோயிற்று என்றும் சொல்லியிருக்கிறார். கவிதைதான் அவருக்குப் பழைய காதல், கண்டனம் ஒரு சாக்கு என்பார்கள். பாதி நம்புகிறேன். அந்தக் கவிதைகளும் உயர்ந்தவையே. இருந்தாலும் 'டெஸ்' படித்தவன், அவர் எழுதாமல் விட்ட நாவல்களை நினைத்து ஏங்காமல் இருக்க முடியுமா? பிஷப்புக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, நமக்குத்தான்.

நண்பர் ஆறு பக்கங்களையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடும்படி நான் சொல்லவில்லை. இரண்டாவது நாவல் எந்த மட்டில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

மதிப்புரை வந்த அன்றிலிருந்து பத்தாம் அத்தியாயத்திலேயே நிற்கிறதாம்.