சரசரக்கும் பையும் கேளாமற் போன சொல்லும்

லின்ஃபீல்டில் நாங்கள் ஒத்திகை பார்ப்பது ஒரு கராஜுக்குள். தகரக் கூரை. ஒக்லாந்தின் மழைக்கு நேரங்காலம் கிடையாது. அது பெய்யத் தொடங்கினால் நடிகர்கள் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். மழை ஓய்ந்தால், மனுக்காவ் துறைமுகத்துக்கு அப்பாலிருக்கும் மங்கெரே விமான நிலையத்திற்கு இறங்கும் விமானங்கள் இருக்கின்றன. இவையெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டன. மண்டபத்துக்குப் போனால் மழையும் இல்லை, விமானமும் இல்லை, அங்கே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தோம்.

சரியாகவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் மேடையேற்றிய ஓரங்க நாடகத்தைக் கெடுத்தது ஒரு சொப்பிங் பாக். மேடைப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். ஆகவே இது முதலில் ஒரு சுயவிமர்சனம்.

நாடகம் காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாயைப் பற்றியது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. அந்தத் தாயிடம் ஒரு பை இருக்கிறது. அதற்குள் மகனின் படம், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிய கடிதங்கள். அவள் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறாள். பை அசலாக இருக்கவேண்டுமென்று நான் பிடிவாதமாக நின்றேன். நியூசிலாந்தில் 2019 யூலை 1 முதல் ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்ரிக் பைகள் கடைகளில் தடைசெய்யப்பட்டுவிட்டதால், ஒருவரின் அலுமாரிக்குள் கிடந்த கொழும்புப் பையொன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

நடிகையின் சேலைக் கரையில் சிறு ஒலிவாங்கி குத்தப்பட்டிருந்தது. நாடகம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் அவள் பைக்குள் கைவிட்டாள். அதன்பிறகு மண்டபத்தில் கேட்டதெல்லாம் பைதான். மகன் பிடிபட்ட இடம், நாள், கூட்டிச்சென்றவர்களின் உடை என அவள் சாட்சியமாகச் சொன்ன விபரங்கள் அத்தனையும் சரசரப்புக்குள் அமிழ்ந்துபோயின. பின்வரிசையில் இருந்தவர்கள் அழுதார்கள் என்பது உண்மை. ஆனால் எதைக் கேட்டு அழுதார்கள்? அவளுடைய முகத்தைப் பார்த்து அழுதார்கள். அவள் சொன்னது அவர்களுக்குப் போய்ச்சேரவில்லை.

நாடகம் முடிந்த பின் நடந்த கலந்துரையாடலில் இதை எடுத்தேன். எங்கள் குழுவில் நீண்டகாலம் அரசியல் வேலை செய்த ஒருவர் சொன்னார்: "உள்ளடக்கம் சரியாயிருந்தால் காணும் ஐசே. பை சத்தம் போட்டதெண்டு ஆரும் எழும்பிப் போகேல்லையே." எண்பதுகளிலிருந்து நாம் சளைக்காமல் நடத்திவரும் உள்ளடக்கமா உருவமா என்ற அதே விவாதம் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள்ளிருந்து மறுபடி வெளியே வந்தது. அவரோடு நான் உடன்படவில்லை. இங்கே கெட்டுப்போனது உருவம் அல்ல. கேட்காத வசனத்திற்கு உள்ளடக்கம் என்று ஒன்று கிடையாது.

இதன் பௌதிகத்தைச் சற்றுப் பார்ப்போம். நெஞ்சில் குத்திய ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரம் ஒரு சாண். நெஞ்சோடு பிடித்த பைக்கும் அதே ஒரு சாண். தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். பை இன்னும் கொஞ்சம் நெருங்கினால் அது மனிதக் குரலை வென்றுவிடும். சபையில் இருப்பவரின் காது வேறு விதமாக வேலை செய்கிறது. அது தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்து மற்றதைத் தள்ளிவைக்கும். ஒலிவாங்கிக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. அதைவிட மோசமானது, பிளாஸ்ரிக்கின் சரசரப்பு விழும் உயர் அலைவரிசையில்தான், ஏறத்தாழ 2000 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரையில், எங்கள் வல்லின மெய்களின் வெடிப்பும் உரசலும் இருக்கின்றன. உயிரெழுத்து தப்பிவிடும், மெய் செத்துவிடும். ஓலம் கேட்கும், சொல் கேட்காது. ஒரு சாட்சியத்திற்கு இதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியுமா?

மெதுவாக எடுக்கச் சொல்லி நடிகைக்கு நான் அறிவுரை கூறியிருந்தேன். அது எவ்வளவு அறியாமை என்பது பிறகுதான் தெரிந்தது. எரிக் கிரேமர், அலெக்சாண்டர் லொப்கோவ்ஸ்கி என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர்கள் இனிப்புச் சுற்றும் தாளின் சத்தத்தை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் விளக்கினார்கள். கசங்கிய தாள் ஒரு மடிப்பு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரெனத் தாவும்போது ஒரு சொடுக்கு எழுகிறது. சரசரப்பு என்பது இப்படியான தனித்தனிச் சொடுக்குகளின் தொகுப்பு. மெதுவாகப் பிரித்தால் சொடுக்கின் உரப்புக் குறைவதில்லை. அவை நீண்ட நேரத்துக்குப் பரவுகின்றன, அவ்வளவுதான். என் அறிவுரை தொந்தரவை நீட்டித்திருக்கிறது.

"எங்கள் கூத்தில் இந்தப் பிரச்சினை இருந்ததா? இது மேற்கின் அழகியல்" என்று இன்னொருவர் கேட்டார். நல்ல கேள்வி. கூத்தில் சத்தமில்லாத பொருள் என்று எதுவுமே இல்லை. காலில் சதங்கை, பக்கத்தில் மத்தளம், சல்லரி, உடம்பில் வடமோடியின் பாரமான கரப்புடுப்பு. ஆனால் கூத்து இந்த இரைச்சலை அறியாமல் அனுமதிக்கவில்லை. கூத்தர் பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் திரும்பப் பாடுகிறார்கள். முதல்முறை தவறிய சொல் இரண்டாம் முறை காதில் விழும். விடியும்வரை ஆடுவதற்கு நேரம் இருந்தது, வட்டக்களரியைச் சுற்றி இருந்தவர்களுக்குக் கதையும் முன்பே தெரியும். பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றைப் படச்சட்ட மேடைக்குச் சுருக்கிக் கொண்டுவந்தபோது இந்தச் சமநிலையும் மாறியது. நாங்களோ பிற்பாட்டை விட்டுவிட்டோம், விடியும்வரையிலான நேரத்தை விட்டுவிட்டோம், ஒலிவாங்கியை மட்டும் வாங்கினோம். ஒரு கருவியை வாங்கினால் அதற்குரிய ஒழுங்கையும் வாங்கத்தான் வேண்டும்.

அந்த ஒழுங்கை எங்களுக்குக் கற்றுத்தந்திருக்கவேண்டியது சினிமா. தமிழ்ச் சினிமாவின் முதல் பேசும்படங்களில் பேச்சும் பாட்டும் படப்பிடிப்பின்போதே பதியப்பட்டன. 1938இல் வந்த 'நந்தகுமார்' தமிழில் பின்னணிப் பாடலைத் தொடக்கிவைத்தது. பின்னர் வசனமும் படிப்படியாக ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்விட்டது. இதற்கு ஒரு காரணம், இந்தியாவில் பரவலாகப் பாவிக்கப்பட்ட ஆரி 2சி போன்ற கமராக்கள் தையல் மெசின்போல் இரைந்தவை. அதன் முன்னால் வசனம் பதிவது வீண்வேலை. கமராவே கத்தும்போது பையைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? வளையல் குலுங்கும் ஒலியைக்கூட வேறொருவர் பிறகு எழுப்பிச் சேர்த்தார். பேசும் பெண்ணின் குரலும் பலவேளைகளில் இன்னொரு பெண்ணுடையதாக இருந்தது. இந்தியில் 'லகான்' (2001), தமிழில் 'விருமாண்டி' (2004) போன்றவை படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலியைப் பதிந்தபோது அது ஒரு புதுமையாகப் பேசப்பட்டது. நம்மவர் பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வீடியோக் கமராவைத் தூக்கிக் குறும்படம் எடுக்க வந்தபோது, அரைநூற்றாண்டுத் தமிழ்ச் சினிமாவிலிருந்து இந்த ஒரு விடயத்தில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கவில்லை. அந்தப் படங்களில் தேநீர்க் கோப்பை வைக்கும் சத்தம் வசனத்தை விழுங்குவதற்குத் திறமைக்குறைவு மட்டும் காரணமல்ல.

இங்கே நியூசிலாந்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' எடுத்தபோது வெலிங்டன் மிராமாரில் இருந்த கலையகம் முன்பு பெயின்ற் தொழிற்சாலையாக இருந்தது; பக்கத்திலேயே விமான நிலையம். வசனத்தின் பெரும்பகுதியைப் பிறகு மறுபடி பேசிப் பதியவேண்டியிருந்தது. அதேவேளை படைவீரரின் சங்கிலிக் கவசங்களை உலோகத்தில் அல்லாமல் பிளாஸ்ரிக் குழாயை வளையங்களாக அரிந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வளையங்களைக் கையால் கோத்துச் செய்தார்கள். முதன்மை நோக்கம் பாரத்தைக் குறைப்பது. ஆனால் கலகலக்காத கவசம் ஒலிப்பதிவாளருக்கும் ஒரு வரம். கோடிக்கணக்கான பணமுள்ளவர்கள்கூட விமானத்தை நிறுத்தமுடியவில்லை. கையிலுள்ள பொருளைத்தான் மாற்றமுடிந்தது.

பொருளை அமைதியாக்குவது பெரிய வித்தை அல்ல. காகிதத்தில் தண்ணீரைப் புகாராக விசிறி ஈரப்படுத்தினால் மொறுமொறுப்புப் போய்விடும். கடிதங்களைத் தையற்காரர் கொலருக்குள் வைக்கும் நெய்யாத துணியில் அச்சிடலாம். சப்பாத்தின் அடியில் கம்பளித்துணி ஒட்டலாம், சாசரின் அடியில் ஒரு வட்டம். குளிர்பானத்துக்குள் ஐஸ்கட்டிக்குப் பதிலாகச் சிலிக்கோன் கட்டி. திறப்புக்கோர்வைக்கு நடுவில் கொஞ்சம் ஒட்டுக்களி. பைக்கு நான் பாவித்தது, குளியலறைத் திரைக்கு வரும் மெல்லிய, மென்மையான பிளாஸ்ரிக். அதை வெட்டித் தைத்து, கடையின் பெயரை நிறத்தால் எழுதினேன். முன்வரிசையில் இருந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது மேடையேற்றத்தில் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இடம் கேட்டது, திகதி கேட்டது. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

முடிந்தபின் வன்னியிலிருந்து மகளிடம் வந்திருந்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். "தம்பி, நீரோ அந்தப் பையைச் செய்தது?" என்றார். ஓமென்றேன். "வடிவாச் செய்திருக்கிறீர். ஆனா அது சத்தம் போடேல்லை. எங்கட பை அப்பிடியில்லை. ராவிலை மகன்ர படத்தைப் பாக்கவேணும்போலை இருக்கும். பையைத் திறந்தா மற்றப் பிள்ளை முழிச்சிடுவாள். அதாலை இருட்டுக்குள்ளை மெல்ல மெல்ல எடுப்பன். அப்பவும் அது சரசரக்கும்."

மெல்ல எடுத்தாலும் சத்தம் குறையாது என்பதை அறிய அந்த அம்மாவுக்குப் பௌதிகவியலாளர் தேவைப்படவில்லை.

இங்கேதான் என் வாதத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. சத்தம் என்றாலே தொந்தரவு என்று வைத்துக்கொண்டு நான் தொடங்கியிருந்தேன். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எண்ணிப்பாருங்கள். பாண்டியனின் அவையில் வழக்கை முடித்துவைப்பது கண்ணகியின் வாதத்திறமை மட்டுமல்ல. சிலம்பு உடைந்து உள்ளிருந்த மாணிக்கம் தெறித்ததுதான். அந்தச் சிலம்பைச் சத்தமில்லாமல் உடைக்கும்படி எந்த நெறியாளன் சொல்வான்? ஒக்லாந்தின் மேற்குக் கரையில் கரேகரே கடற்கரையில் படமாக்கப்பட்ட ஜேன் கம்பியனின் 'த பியானோ' (1993) படத்தில் நாயகி பேசுவதில்லை. அவளுக்காகப் பேசுவது ஒரு பொருள். அதை ஊமையாக்கினால் அவளையும் ஊமையாக்கியதாகும்.

ஆகவே கேள்வி சத்தமா அமைதியா என்பதல்ல. ஒரு பொருளின் சத்தம் அந்தக் கணத்தில் பேசுபவரின் சொல்லை மறைக்கிறதா, அல்லது அவர் சொல்ல முடியாததைச் சொல்கிறதா? இதை ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். முதல் மேடையேற்றத்தில் நான் அசலுக்காகச் சாட்சியத்தைப் பலியிட்டேன். இரண்டாவதில் சாட்சியத்துக்காக அந்த இரவைப் பலியிட்டேன்.

மூன்றாவது முறை இரண்டு பைகளைக் கொண்டுபோனோம். பேசும்போது கையில் இருந்தது தைத்த பை. வசனம் முடிந்ததும் அவள் அதைப் பாயின் கீழ் வைத்துவிட்டுப் படுக்கிறாள், விளக்கு மங்குகிறது, ஒலிவாங்கி நிறுத்தப்படுகிறது. இருட்டில் அவள் கை பாயின் கீழிருந்து கொழும்புப் பையை எடுக்கிறது. ஏறத்தாழ முப்பது விநாடிகள், ஒரு சொல்லும் இல்லாமல், பெருக்காத அந்தச் சரசரப்பு மட்டும். சினிமாவிலும் இதுதான் வழி: வசனத்தை அமைதியான பொருளோடு பதிந்து, அசற்பொருளின் ஒலியைத் தனியே பதிந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்குச் சேர்ப்பது.

உள்ளடக்கம் காணும் என்று சொன்ன நண்பர் இதை "உத்தி" என்று ஒதுக்கினார். உத்திதான். ஆனால் புகலிடத்தில் எங்கள் மேடைகளில் யாருடைய குரல் முதலில் அமிழ்கிறது என்று கவனித்திருக்கிறோமா? முழக்கமிடும் குரல் எந்த இரைச்சலிலும் தப்பிவிடும். மெல்லப் பேசுபவர்தான் காணாமற் போகிறார், அவர் பெரும்பாலும் பெண், பெரும்பாலும் வயதானவர். அவரைக் கேட்கவைப்பதற்கு ஒரு துணிப்பையும் ஊசியும் போதும் என்றால், அதைச் செய்யாமல் இருப்பதற்கு எந்த அரசியல் நியாயம் இருக்கிறது?

மூன்றாவது மேடையேற்றத்துக்கு அந்த அம்மா வரவில்லை, ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆகவே அந்த முப்பது விநாடிகள் அவருடைய இரவைப்போல் இருந்தனவா என்று என்னால் சொல்லமுடியாது. நாடகம் செய்யும் நண்பர்கள், குறிப்பாக இதற்கு மாறான அனுபவமுள்ளவர்கள், எழுதவேண்டும்.