வழியில் செருகிய வரி

என் பக்கத்தில் நான் ஒருநாளும் விளம்பரம் போட்டதில்லை. சில வருஷம் முன்னாடி திருவொற்றியூர் மாமா போன் பண்ணி, "என்னப்பா, உன் கட்டுரைக்குக் கீழே லோன் விளம்பரம் ஓடுது, வருமானம் வருதா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் வீட்டுக்குப் போய் பக்கத்தின் சோர்ஸைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியது அப்படியே இருந்தது. கடைசியில் மட்டும் நான் எழுதாத ஒரு ஸ்கிரிப்ட் வரி. அதே பக்கத்தை என் மொபைல் டேட்டாவில் திறந்தால் அந்த வரி இல்லை. ஆக, சர்வரில் கோளாறு இல்லை. வழியில் யாரோ கை வைக்கிறார்கள்.

இதில் மாயம் ஒன்றும் கிடையாது. எச்டிடிபி பக்கம் திறந்த தபால் அட்டை மாதிரி. இணைப்பு தருபவர் நடுவில் ஒரு ப்ராக்ஸி சர்வரை வைத்தால், நம் பிரவுசரில் எந்த செட்டிங்கும் மாற்றாமலே பக்கத்தை வாங்கி, ஒரு வரி சேர்த்து அனுப்பிவிடலாம்.

இந்தியாவில் இது பெரிதாக வெளியே வந்தது 2015 ஜூனில். பெங்களூருவின் தேஜேஷ் ஜி.என். ஏர்டெல் 3ஜி இணைப்பில் தன் தளத்தில் இப்படியொரு நிரல் நுழைவதைக் கண்டு, ஆதாரத்தை கிட்ஹப்பில் போட்டார். அந்த நிரல் இஸ்ரேலின் ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் நிறுவனத்துடையது. வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா செலவழித்தார் என்று காட்டத்தான் அந்த ஏற்பாடு, உலகமெங்கும் உள்ள வழக்கம்தான் என்றது ஏர்டெல். எம்பிக்குக் காசு வாங்கிய காலம் அது. செலவைக் காட்ட எஸ்எம்எஸ் போதாதா? அடுத்தவர் எழுதிய பக்கத்துக்குள் ஏன் நுழைய வேண்டும்? இன்று டேட்டா கணக்கு காட்டும் அதே ஓட்டையில் நாளை லோன் விளம்பரம் வரும். மாமா வீட்டில் வந்தேவிட்டது.

எனக்கு இன்னும் ஆறாதது அதற்கப்புறம் நடந்தது. கேட்காமல் அடுத்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்த நிரலுக்கு ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் காப்புரிமை கோரியது! தேஜேஷுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி கேட்டு கிட்ஹப்பிலிருந்தும் நீக்க வைத்தார்கள். அந்த நோட்டீஸுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று ஏர்டெல் கைகழுவியது. அப்படியானால் பக்கத்தை எழுதியவனுக்கு அதன்மேல் உரிமையே இல்லையா? ராயபுரம் பக்கத்து ஹார்பர் லாரி டிரைவர் சீல் வைத்த கன்டெய்னரைத் திறந்து உள்ளே நோட்டீஸ் போட்டுவிட்டு, 'அதைப் போட்டோ எடுக்காதே, நோட்டீஸ் என் சொத்து' என்றால் யார்டில் விடுவார்களா?

இதற்குத் தடை போட்டது சட்டம் இல்லை, பூட்டுதான். 2015 கடைசியில் லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசச் சான்றிதழ் தர ஆரம்பித்தது. 2018 ஜூலையில் குரோம் 68 எல்லா எச்டிடிபி தளங்களையும் 'பாதுகாப்பற்றது' என்று காட்டத் தொடங்கியது. எச்டிடிபிஎஸ்ஸில் பக்கம் பூட்டியே வருவதால் நடுவில் வரி சேர்க்க முடியாது. நானும் ஒரு சாயந்திரத்தில் மாறிவிட்டேன்.

மாமா வீட்டில் என் பக்கம் இப்போது சுத்தமாக வருகிறது. அவர் தினமும் பார்க்கும் பழைய பாட்டு தளம் ஒன்று, நடத்தியவர் கைவிட்டுப் பல வருஷம் ஆச்சு, இன்னும் எச்டிடிபியில்தான் கிடக்கிறது. போன தீபாவளிக்குப் போனபோதும் அதன் கீழே லோன் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.